இஃப் கிளாஸ் பிழைகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

இஃப் கிளாஸ் (if clause) வரும் நிபந்தனை வாக்கியப் பாடத்தை முடித்துவிட்டுத் தாள் திருத்த உட்கார்ந்தால், எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ, அதே பிழைகள்தான் வரிசையாக வந்து நிற்கும். உடனே நாம் செய்வது டைப் 1 (நடக்க வாய்ப்புள்ளது), டைப் 2 (இப்போது உண்மையில்லாத கற்பனை), டைப் 3 (முன்பே நடக்காமல் போனது) என்று அட்டவணையை இன்னொரு முறை போர்டில் எழுதிப்போடுவது. பிள்ளைகள் இன்னொரு முறை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அடுத்த தேர்விலும் அதே பிழை வரும். அட்டவணையை மறுபடி நடத்துவதற்கு முன்னால் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், பாதி நேரம் அது இஃப் பாடத்துக்கு வெளியே எங்கேயோ இருக்கும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் உட்காரவைத்துச் சொல்லித்தரும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் சுலபமான காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், அதிக நேரம் பிடிப்பதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

## எதையும் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடச் சோதனை

ஒரு துண்டுத் தாள் கொடுங்கள். கோ, கம், ரைட், பை, டெல் என்ற ஐந்து வெர்ப்களுக்கும் மூன்று வடிவங்களை எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கீழே மூன்று அரை வாக்கியங்கள், தமிழில்: "நாளைக்கு மழை பெய்தால்…", "எனக்கு இப்போது இருபத்தைந்து வயதாக இருந்தால்…", "நேற்றே நீ என்னிடம் சொல்லியிருந்தால்…". மீதியை அவர்களே தமிழில் முடிக்கட்டும்.

தமிழ் வாக்கியங்கள் மூன்றும் சரியாக முடிந்து, வெர்ப் வடிவங்கள் தப்பாக இருந்தால், அந்தப் பிள்ளைக்கு நிபந்தனை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும், கையில் ஆங்கில வடிவம்தான் இல்லை. இஃப் பாடத்தை நிறுத்திவைத்துவிட்டு வெர்ப் வடிவங்களைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுங்கள். "கேம்" என்று எழுதும் இடத்தில் "கம்ட்" என்று எழுதுகிற பிள்ளைக்கு டைப் 3 சொல்லித்தருவதில் பலன் இல்லை.

வடிவங்கள் சரி, தமிழ் வாக்கியங்களும் சரி, ஆனால் ஆங்கிலத்தில் குழப்பம் என்றால் கீழே இருக்கிற அறிகுறிகளுக்குப் போங்கள். தமிழ் வாக்கியத்தையே முடிக்கத் தெரியவில்லை என்றால் நேராகக் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: இரண்டு பக்கமும் வில் போடுகிறார்

"இஃப் இட் வில் ரெய்ன் டுமாரோ, வீ வில் நாட் கோ." எல்லாருக்கும் தெரிந்த பிழை.

மிகச் சுலபமான காரணம்: நாளை நடக்கப்போவது என்பதால் வில் வேண்டும் என்று நினைக்கிறார். அது ஒரு நியாயமான நினைப்புதான். சோதனை இதுதான்: அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "நாளைக்கு மழை பெய்தால் போகமாட்டோம்." இப்போது கேளுங்கள், "பெய்தால்" என்பதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? "பெய்யும்" என்பதோடு "ஆல்" சேர்த்து யாராவது சொல்கிறோமா? இல்லை. எதிர்காலம் "போகமாட்டோம்" என்ற பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஆங்கிலமும் அப்படித்தான், ஒரு பக்கம் சொன்னால் போதும். இதை ஒருமுறை தானாகக் கண்டுபிடித்த பிள்ளை பெரும்பாலும் மறப்பதில்லை, விதியாகச் சொல்லிக் கொடுத்த பிள்ளை அடிக்கடி மறக்கிறது.

அடுத்த காரணம்: எது இஃப் பக்கம், எது மெயின் பக்கம் என்று தெரியவில்லை. முதல் பாதியில் வில் வராது, இரண்டாம் பாதியில் வரும் என்று இடத்தை வைத்து மனப்பாடம் செய்திருப்பார். வாக்கியத்தைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்: "வீ ____ அட் ஹோம் இஃப் இட் ____." "வீ ஸ்டே அட் ஹோம் இஃப் இட் வில் ரெய்ன்" என்று வந்தால் அதுதான் காரணம். இஃப் என்ற சொல்லிலிருந்து தொடங்கி அந்தப் பகுதி முடியும் வரை அடிக்கோடு போடவைத்து, அப்புறம்தான் வெர்ப்பைத் தொடலாம் என்று பழக்குங்கள். கமா விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம்: இஃப் பகுதி முன்னால் வந்தால் கமா, பின்னால் வந்தால் வேண்டாம்.

கொஞ்சம் நேரம் பிடிக்கும் காரணம்: வில்லை எடுத்துவிட்டால் அங்கே என்ன போடுவது என்று தெரியவில்லை. "இஃப் இட் ரெய்ன்", "இஃப் ஷீ கோ" என்று எழுதுவார். இது சிம்பிள் பிரசன்ட்டில் ஹீ, ஷீ, இட் வரும்போது எஸ் சேர்க்காத பழைய பாக்கி. இஃப் இல்லாமலே அதைச் சரிசெய்ய வேண்டும், இஃப் மேல் பழி போடாதீர்கள்.

வென், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், ஆஸ் சூன் ஆஸ் எல்லாம் காலத்தைச் சொல்லும்போது இதே பழக்கம்தான், அங்கேயும் வில் வராது. ஒரே வாரத்தில் சேர்த்து நடத்தினால் ஒன்று இன்னொன்றைத் தாங்கிப் பிடிக்கும்.

## அறிகுறி: சரியான இடத்தில் இருந்த வில்லையும் அடித்துவிடுகிறார்

இது நாம் கொடுத்த மருந்தால் வருவது. "இஃப் வந்தால் வில் வரவே கூடாது" என்று சொல்லித்தந்த வகுப்பில், நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் "ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்" என்ற வாக்கியத்தைத் தவறு என்று திருத்தும். அந்த வாக்கியம் சரியானது. அங்கே இஃப் நிபந்தனை இல்லை, வெதர் (whether) என்பதன் வேலையைச் செய்கிறது.

சோதனை தமிழிலேயே இருக்கிறது. "அவன் வருவானா என்று தெரியவில்லை." இஃப் பகுதியைத் தமிழில் சொல்லும்போது "வருவானா என்று" என வந்தால் வில் இருக்கலாம். "வந்தால்" என வந்தால் வில் வேண்டாம். இரண்டு வகையையும் கலந்து ஆறேழு வாக்கியம் கொடுத்து, ஆங்கிலத்தைத் தொடாமல் தமிழில் மட்டும் சொல்லவிடுங்கள். காதில் விழுந்துவிட்டால் கையில் தானாக வரும்.

"இஃப் யூ வில் வெயிட் எ மினிட்" என்று மரியாதையாகக் கேட்கும் வழக்கும் ஆங்கிலத்தில் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை நடத்த வேண்டாம் என்பது என் கருத்து, ஆனால் "வரவே கூடாது" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். "நிபந்தனையாக வரும்போது பொதுவாக வராது" என்றால் போதும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: "இஃப் யூ ஹீட் ஐஸ், இட் வில் மெல்ட்" என்று எழுதிய பிள்ளைக்குச் சுழி போடாதீர்கள். எப்போதும் நடக்கும் உண்மைக்கு இரண்டு பக்கமும் பிரசன்ட் என்பது வழக்கம்தான், அதற்காக வில் போட்ட வாக்கியம் தவறாகிவிடாது.

## அறிகுறி: டைப் 1, டைப் 2 இரண்டையும் குத்துமதிப்பாகப் போடுகிறார்

இதுதான் நிஜமான இடம். மற்ற எல்லா அறிகுறியையும் விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

காரணம் நம் பிள்ளைகளின் கவனக்குறைவு இல்லை. "நேரம் இருந்தால் வருவேன்" என்று தமிழில் சொன்னால், வர வாய்ப்பிருக்கிறவரும் அதையே சொல்வார், வரவே முடியாதவரும் அதையே சொல்வார். குரலிலும் சூழ்நிலையிலும் வித்தியாசம் தெரியும், வெர்ப்பில் தெரியாது. ஆங்கிலத்தில் அந்த வித்தியாசத்தை வெர்ப் சொல்லியாக வேண்டும்: "இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்" ஒன்று, "இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்" இன்னொன்று. தமிழில் ஒரே பெட்டியில் இருப்பதை ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறோம். எதை வைத்துப் பிரிப்பது என்று சொல்லாமல் வடிவத்தை மட்டும் கொடுத்தால் பிள்ளை குத்துமதிப்பாகத்தான் போடும்.

முதல் சோதனை, இரண்டு நிமிடம்: தமிழ் வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "நேரம் இருந்தால் வருவேன், பார்ப்போம்" என்று ஒட்டுமா? அப்படியானால் டைப் 1. "நேரம் இருந்தால் வருவேன், ஆனால் இல்லையே" என்று ஒட்டுமா? டைப் 2. எந்த வால் ஒட்டும் என்பது சொல்கிறவர் யார், என்ன நிலைமை என்பதைப் பொறுத்தது. அதனால் வாக்கியத்தைத் தனியாகக் கொடுக்காதீர்கள், ஆளோடு சேர்த்துக் கொடுங்கள். வகுப்புத் தலைவர் தேர்தலில் நிற்கும் மாணவி ஒருத்தி, நிற்கவே விரும்பாத மாணவன் ஒருவன். இருவரிடமும் ஒரே கேள்வி: "தலைவரானால் என்ன செய்வாய்?" அவள் "இஃப் ஐ பிகம் த லீடர், ஐ வில்…" என்பாள். அவன் "இஃப் ஐ பிகேம் த லீடர், ஐ வுட்…" என்பான். நிபந்தனை ஒன்றே, ஆள் மாறினால் வெர்ப் மாறுகிறது. இந்த ஒரு பயிற்சியை ஆட்களை மாற்றி மாற்றி நடத்தினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது காரணம்: பாஸ்ட் வடிவத்தைப் பார்த்ததும் நேற்று என்று நினைக்கிறார். "இஃப் ஐ ஹேட் மனி, ஐ வுட் பை எ சைக்கிள்" என்று எழுதிப்போட்டு "எப்போது பணம்? எப்போது வாங்குவது?" என்று கேளுங்கள். "நேற்று", "முன்னாடி" என்று பதில் வந்தால் இதுதான் காரணம். திருத்துவதற்கு மறுபடியும் தமிழையே எடுங்கள். "நாளைக்கு அவன் வந்தால்" என்பதில் "வந்தான்" என்பதன் உருவம்தானே ஒளிந்திருக்கிறது? வந்தான், வந்தால். போனான், போனால். படித்தான், படித்தால். இறந்தகாலத்தின் உருவத்தை வைத்துக்கொண்டு நாளையைப் பற்றித்தான் தினமும் பேசுகிறோம், அது நமக்கு விசித்திரமாகத் தெரிவதில்லை. ஆங்கிலத்திலும் இங்கே பாஸ்ட் என்பது உருவம் மட்டும், காலம் இல்லை. அப்புறம் வாக்கியத்துக்குள் நவ், டுமாரோ என்று வேண்டுமென்றே போட்டுப் பழக்குங்கள்: "இஃப் ஐ ஹேட் எ சைக்கிள் நவ்", "இஃப் வீ வென்ட் டுமாரோ". கண் அதற்குப் பழக வேண்டும்.

மூன்றாவது: டைப் 2 என்றாலே "நான் பறவையாக இருந்தால்", "நான் ராஜாவாக இருந்தால்" என்ற உதாரணங்களை மட்டுமே பார்த்திருக்கிறார். அதனால் நடக்கவே முடியாத அதிசயங்களுக்குத்தான் அது என்று முடிவுகட்டி, "எனக்கு நீச்சல் தெரிந்தால் உன்னோடு வருவேன்" என்பதற்கு டைப் 1 போடுகிறார். சோதனைக்கு அந்த வாக்கியத்தையே கொடுங்கள், நீச்சல் தெரியாத பிள்ளையிடம். திருத்தம்: பறவையையும் ராஜாவையும் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, இன்றைக்கு உண்மையில் அப்படி இல்லாத சாதாரண விஷயங்களை எடுங்கள். உயரம், அக்கா தங்கை, வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம், தெரியாத மொழி. எல்லாருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

நான்காவது, நேரம் அதிகம் பிடிப்பது: வில், வுட் இரண்டும் ஒன்றுதான், வுட் என்றால் மரியாதை, அவ்வளவுதான் என்று ஊறிப்போயிருக்கிறது. "வுட் யூ லைக்", "வுட் யூ ப்ளீஸ்" என்று கேட்டே பழகியதால் வருவது. இதை ஒரு வகுப்பில் மாற்ற முடியாது. வாசிப்புப் பாடத்தில் வுட் வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி "இது நடக்குமா, கற்பனையா, மரியாதையா, முன்பு வழக்கமாகச் செய்ததா?" என்று கேட்டுக் கொண்டே போக வேண்டும். சில வாரங்கள் ஆகும்.

வாஸா, வெர்ரா என்ற கேள்வி இந்த இடத்தில் கட்டாயம் வரும். "இஃப் ஐ வெர்" என்று எழுதப் பழக்குங்கள், தேர்வில் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பேச்சில் "இஃப் ஐ வாஸ்" என்று காதில் விழுவதைத் தடுக்க முடியாது, அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

கோடிட்ட இடத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு பாதியில் வுட் இருந்தால் மறு பாதியில் பாஸ்ட், வில் இருந்தால் பிரசன்ட், வுட் ஹேவ் இருந்தால் ஹேட். தேர்வுக்கு முந்தைய நாள் சொல்லிக்கொடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். முதலிலேயே கொடுத்துவிட்டால் பிள்ளை அர்த்தத்தைப் பார்ப்பதை விட்டுவிடும், உங்களுக்கும் எது புரிந்தது எது புரியவில்லை என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

## அறிகுறி: டைப் 3 எழுதும்போது வாக்கியம் உடைந்துபோகிறது

"இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ, ஐ ஹேட் கேம்." "ஹீ வுட் ஹேஸ் பாஸ்ட்." "ஷீ வுட் ஹேவ் வென்ட்." எல்லாரும் கடினம் என்று பயப்படும் டைப் இது. நம் பிள்ளைகளுக்கு அர்த்தத்தில் இதுதான் சுலபம், ஏனென்றால் தமிழில் இதற்குத் தனி உருவம் தெளிவாக இருக்கிறது. "படித்திருந்தால் தேறியிருப்பான்." படிக்கவில்லை, தேறவில்லை என்று எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. உடைவது வடிவத்தில்தான்.

முதலில் பார்க்க வேண்டியது வெர்ப்பின் மூன்றாம் வடிவம். கான், கம், டேக்கன், ரிட்டன் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் வேறு எதையும் தேட வேண்டாம், பழுது அங்கேதான். ஐந்து நிமிடச் சோதனையிலேயே இது தெரிந்திருக்கும்.

வடிவம் தெரிந்தும் "வுட் ஹேஸ்" என்று எழுதினால், ஹீ வந்தால் ஹேஸ் என்ற பழைய விதியை இங்கேயும் இழுத்துவருகிறார். வுட், குட், மைட், ஷுட் எதற்குப் பின்னாலும் ஹேவ் மட்டும்தான், ஆள் யாராக இருந்தாலும் மாறாது. இதை ஒருநாள் தனியாக ஓட்டுங்கள்: ஐ வுட் ஹேவ், ஹீ வுட் ஹேவ், தே வுட் ஹேவ்.

ஹேட், வுட் ஹேவ் இரண்டும் பக்கம் மாறிப்போனால் தமிழை மேலே எழுதி ஆங்கிலத்தை அதன் கீழேயே எழுதவையுங்கள். "சொல்லி-இருந்தால்" என்பதன் கீழே ஹேட் டோல்ட். "வந்து-இருப்பேன்" என்பதன் கீழே வுட் ஹேவ் கம். "இருந்தால்" இருக்கிற பக்கம் ஹேட், "இருப்பேன்" இருக்கிற பக்கம் வுட் ஹேவ். இந்த ஒரு பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், டைப் எண்கூட ஞாபகம் இருக்க வேண்டியதில்லை.

இதைவிடச் சிக்கலானது, வடிவம் எல்லாம் சரியாக இருந்து அர்த்தம் தலைகீழாக மாறுவது. "ஹீ டிட் நாட் ஸ்டடி. ஹீ ஃபெயில்ட்." இரண்டையும் சேர்த்து இஃப் வாக்கியமாக்கச் சொன்னால், "இஃப் ஹீ ஹேட் நாட் ஸ்டடீட், ஹீ வுட் ஹேவ் ஃபெயில்ட்" என்று வரும். இலக்கணப்படி பிழையே இல்லாத வாக்கியம், ஆனால் அவன் படித்தான், தேறினான் என்று சொல்கிறது. அவசரமாகத் திருத்தினால் சரி என்று டிக் போட்டுவிடுவோம். சோதனை: எழுதிய வாக்கியத்தை வைத்துக்கொண்டு "படித்தானா? தேறினானா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். தப்பாகச் சொன்னால் நடந்ததைத் திருப்பும் பயிற்சி தனியாக வேண்டும். நடந்ததைச் சொல்லும் வாக்கியத்தில் நாட் இருந்தால் இஃப் வாக்கியத்தில் நாட் வராது, அங்கே இல்லை என்றால் இங்கே நாட் வரும். நடந்த இரண்டு உண்மைகளையும் முதலில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் எதிர்ப்பதத்தை எழுதி, அப்புறம்தான் இஃப் போடலாம்.

ஹேட், வுட் இரண்டையும் டி என்ற ஒரே எழுத்தாகச் சுருக்கிப் போடும் "ஐட்" (I'd), "ஹீட்" (he'd) போன்றவை வாசிப்பில் வந்தால் அது ஹேடா வுட்டா என்று கேட்பார்கள். பின்னால் மூன்றாம் வடிவம் இருந்தால் ஹேட், முதல் வடிவம் இருந்தால் வுட். "ஐட் கான்", "ஐட் கோ". "ஐட் பெட்டர்" மட்டும் விலக்கு, அது ஹேட்.

## அறிகுறி: ஒரு பக்கம் நேற்று, ஒரு பக்கம் இன்று

"இஃப் ஐ ஹேட் ஸ்லெப்ட் எர்லி, ஐ வுட் நாட் பி ஸ்லீப்பி நவ்." இதைப் பிழை என்று சுழிக்கிற தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். வாக்கியம் முழுக்கச் சரி. நேற்று சீக்கிரம் தூங்காததன் விளைவு இன்றைக்கு. அட்டவணையில் இந்த வரிசை இல்லை என்பதற்காக அதைத் தவறு என்று சொல்லாதீர்கள். நவ், டுடே, நேற்று போன்ற காலச் சொல் இரண்டு பக்கமும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பொருந்தினால் மதிப்பெண் கொடுங்கள், கூடவே ஒரு பாராட்டும் எழுதுங்கள். காலம் பொருந்தாமல் கலந்திருந்தால் மட்டும் மேலே சொன்ன டைப் 2, டைப் 3 சோதனைகளுக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி: அன்லெஸ் போட்டும் நாட் போடுகிறார்

"அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி, யூ வில் ஃபெயில்." சுலபமான காரணம், இஃப் இருந்த இடத்தில் அன்லெஸ் என்று மாற்றிவிட்டு மீதியை அப்படியே விட்டது. "இஃப் நாட் என்ற இரண்டையும் எடுத்துவிட்டு ஒரு அன்லெஸ்" என்று சொல்லி, நாட்டை அடித்துக் காட்டினால் முடிந்தது.

அது போதவில்லை என்றால், அன்லெஸ்ஸுக்குள்ளேயே இல்லை என்பது இருக்கிறது என்று மனதில் பதியவில்லை. தமிழில் "ஒழிய" போட்டுச் சொல்லிப் பாருங்கள்: "நீ வந்தாலொழிய நான் போகமாட்டேன்." வந்தால் என்றுதான் சொல்கிறோம், வராவிட்டால் என்று சொல்வதில்லை. "அன்லெஸ் யூ கம், ஐ வில் நாட் கோ." ஒழிய என்ற சொல் பேச்சில் குறைந்துவிட்டது, அதனால் சில பிள்ளைகளுக்கு அதையே முதலில் சொல்லித்தர வேண்டியிருக்கலாம்.

பயிற்சித்தாள் தயாரிக்கிறவர்களுக்கு ஒன்று. எல்லா இஃப் நாட்டையும் அன்லெஸ் ஆக்க முடியாது. "இஃப் யூ ஹேட் நாட் ஹெல்ப்ட் மீ, ஐ வுட் ஹேவ் ஃபெயில்ட்", "ஐ வில் பி சர்ப்ரைஸ்ட் இஃப் ஷீ டஸ் நாட் கம்" இரண்டிலும் அன்லெஸ் போட்டால் அர்த்தம் கெடும். இப்படிப்பட்ட வாக்கியங்களைக் கேள்வியில் கொடுத்துவிட்டுப் பிள்ளை குழம்புகிறது என்று சொல்வது நியாயமில்லை.

## அறிகுறி: "ரெய்ன் கம்ஸ் மீன்ஸ்"

"மழை வந்தது என்றால்" என்பதை அப்படியே எடுத்துவைப்பது. பேச்சில்தான் அதிகம் வரும். திட்டவேண்டாம், பேசவந்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் அதே வாக்கியத்தை இஃப் போட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டு உரையாடலைத் தொடருங்கள். எழுத்திலும் வந்தால் மட்டும் தனியாக உட்காரவையுங்கள்.

"இஃப் இட் ரெய்ன்ஸ்." என்று புள்ளி வைத்து நிறுத்திவிடுவதும் உண்டு. வாய்விட்டு வாசிக்கச் சொன்னாலே போதும், பாதியில் நிற்பது அவர்களுக்கே தெரியும்.

## அறிகுறி: கோடிட்ட இடத்தில் முழு மதிப்பெண், கட்டுரையில் ஒரு இஃப்கூட இல்லை

கோடிட்ட இடத்தில் பாதி வாக்கியம் நாம் கொடுத்தது, அதிலிருந்து மீதியை ஊகிக்கலாம். சொந்தமாக எழுதும்போது அந்தத் துணை இல்லை. சோதனைக்கு வாய்மொழியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "வாட் வில் யூ டூ இஃப் த பஸ் டஸ் நாட் கம்?" "ஐ வாக்" என்று மட்டும் பதில் வந்தால் வடிவம் இன்னும் நாக்குக்கு வரவில்லை.

முதலில் செய்யக்கூடியது சங்கிலிக் கதை. "இஃப் ஐ வேக் அப் லேட், ஐ வில் மிஸ் த பஸ்" என்று ஒருவர் தொடங்க, அடுத்தவர் "இஃப் ஐ மிஸ் த பஸ்…" என்று முன்னவரின் முடிவைத் தன் நிபந்தனையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் அதே கதையை டைப் 2 ஆக, மறுநாள் டைப் 3 ஆக. ஒரு சுற்றில் ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள், எல்லாவற்றையும் திருத்தினால் கதை நின்றுபோகும்.

அது பழகியபின் எழுத்து. நிபந்தனை இல்லாமல் எழுதவே முடியாத தலைப்பாகக் கொடுங்கள்: பள்ளியில் ஒரு விதியை மாற்ற முடிந்தால் எதை மாற்றுவாய், ஒரு விளையாட்டில் தோற்றதற்கு என்ன வேறு மாதிரி செய்திருக்கலாம். இதற்கு ஒரு பருவமே ஆகலாம், ஆனால் நிலைக்கிறது.

## அறிகுறி: போன வாரம் தெரிந்தது, இந்த வாரம் மறந்துவிட்டது

மூன்றையும் ஒரே வகுப்பில், ஒரே பலகையில் நடத்தினீர்களா என்று பாருங்கள். அநேகமாக அதுதான். டைப் 1 நன்றாக நின்றபின் சில நாள் இடைவெளி விட்டு டைப் 2, இரண்டையும் கலந்து ஒரு பயிற்சி, அதன்பின் டைப் 3. புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் பழையதில் இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் நேரம் தராவிட்டால் மற்றப் பாடங்களின் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கு எடுங்கள்.

## எப்போது மற்றவர்களைக் கூப்பிட வேண்டும்

வகுப்பில் பெரும்பாலானவர்கள் ஒரே பிழையைச் செய்தால் பிள்ளைகளிடம் பழுது இல்லை, நடத்தும் முறையைத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு ஆங்கில ஆசிரியரை அழைத்து உங்கள் வகுப்பில் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். பிள்ளைகள் எந்த நொடியில் முகம் மாறுகிறார்கள் என்பது போர்டில் எழுதிக்கொண்டிருக்கும் நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

ஒரு பிள்ளைக்கு வெர்ப் வடிவம், எளிய வாக்கியம், வாசிப்பு எல்லாமே பல வகுப்புகள் பின்தங்கியிருந்தால், இஃப் பாடத்தை விட்டுவிட்டு அடிப்படை வகுப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். பள்ளியில் அதற்கென்று ஒரு ஆசிரியர் இருந்தால் அவரிடம் பேசுங்கள்.

இனி, ஐந்து நிமிடச் சோதனையில் தமிழ் வாக்கியத்தையே முடிக்க முடியாத பிள்ளை. முதலில் அதே கேள்வியை எழுத்தில் இல்லாமல் பேச்சில் கேளுங்கள். பேச்சில் சரளமாகச் சொல்லி எழுத்தில் மட்டும் நின்றுபோனால், போர்டில் இருப்பதைத் தப்பாகப் பார்த்து எழுதினால், கண்ணைச் சுருக்கினால், கேட்டதையே மறுபடி மறுபடி கேட்டால், கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் முதலில். சுலபமாகத் தீரக்கூடிய காரணங்கள் அவை, அவற்றைத் தாண்டாமல் வேறு எதையும் நினைக்காதீர்கள். அவை இரண்டும் சரியாக இருந்தும், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துகள் இடம் மாறினால், வாசிப்பு வயதுக்கு ஏற்ற அளவு வராமலே இருந்தால், நிறைய முயன்றும் மற்றப் பாடங்களிலும் அதே சிரமம் தெரிந்தால், சிறப்புக் கல்வி ஆசிரியரையோ கல்வி உளவியலாளரையோ பார்க்க வேண்டிய நேரம். டிஸ்லெக்சியா (வாசிப்பிலும் எழுத்திலும் வரும் கற்றல் சிரமம்) என்றோ வேறு எதுவென்றோ நாம் பெயர் வைக்கக் கூடாது, அதைச் சொல்ல வேண்டியவர்கள் சோதித்துப் பார்த்துச் சொல்வார்கள்.

பெற்றோரிடம் பேசும்போது பிள்ளையை வைத்துக்கொண்டு பேசாதீர்கள், "படிக்கமாட்டேன் என்கிறான்" என்று தொடங்காதீர்கள். நிபுணரைப் பார்க்கப் போகும்போது சமீபத்திய நோட்டுப் பக்கங்கள் சில, தமிழிலும் ஆங்கிலத்திலும், திருத்தாத நிலையில் கொண்டுபோகச் சொல்லுங்கள். நீங்கள் என்னென்ன செய்துபார்த்தீர்கள், எதற்குப் பலன் இருந்தது, எதற்கு இல்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கூட வையுங்கள்.